நெருப்பு தின்னும் அளவு

லேசர் வெட்டு முடியிழை போலத் தெரியும். ஆனால் அதற்கும் ஓர் அகலம் உண்டு. கதிர் போகும் வழியெங்கும் ப்ளைவுட்டில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கருகிப் புகையாகிவிடும். வரைந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அதனால் இரண்டு மில்லிமீட்டர் பள்ளம் வேண்டுமென்றால் ஒன்று புள்ளி எட்டு என்று வரைய வேண்டும். மீதியை நெருப்பு தின்றுகொள்ளும். துண்டின் வெளி அளவுக்கு இது எதிர்மாறு, அதே அளவு கூட்டி வரைய வேண்டும்.

கருவடிக்குப்பத்துப் பொதுப் பட்டறையில் இந்தக் கணக்கு வரைந்தவரின் பொறுப்பு. சந்தா கட்டிய யாரும் தங்கள் படத்தைக் கொண்டுவரலாம். படம் எப்படியோ அப்படியே வெட்டப்படும். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட தனக்கொடி இதில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

2008இல், மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை லூர்துபிரகாஷ் அங்கே வந்தார். ஸ்கூட்டியை ஓட்டி வந்தவள் அவர் மனைவி வெரோனிகா. அவர் பொதுப்பணித் துறையில் வரைவாளர். தண்ணீர்த் தொட்டிகளுக்கும் சிறு பாலங்களுக்கும் படம் போடுபவர். கோடையில் பக்கவாதம் வந்தது. கைக்கு வலு திரும்பிவிட்டது. எண்கள்தான் முழுதாகத் திரும்பினவா என்று தெரியவில்லை. தினசரி காலண்டரில் காலையில் கிழித்த தாளை மறந்துவிட்டு, மத்தியானம் இன்னொன்றைக் கிழிப்பார். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார்.

“தொட்டி இடிஞ்சா ஆளு சாவும். ஸ்லீப்பர் கட்ட தப்பாப் போனா ஒண்ணும் ஆவாது,” என்று வெரோனிகாவிடம் சொல்லியிருந்தார். “இது சரியா வந்தா திங்கக்கெழம ஆபீஸ் போறேன். வரலன்னா வேல வேணான்னு எழுதிக் குடுத்துடறேன்.”

வீட்டு மேசையில் அவர் ஒரு மாதிரி ரயில் பாதை வைத்திருந்தார். பழைய விழுப்புரம் பாதையின் ஒரு மீட்டர் அகலம் அதில் பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒரு வளைவுக்கு மட்டும் தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகள் இல்லை. மூன்று மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் விளிம்பில் நிற்க வைத்தால் அதுதான் கட்டை. மேல் விளிம்பில் இரண்டு பள்ளம். அவற்றில் தண்டவாளங்களின் அடி உட்காரும். பள்ளம் பெரிதானால் தண்டவாளம் ஆடும், சிறிதானால் ஏறாது.

“ரயிலு எப்ப சார் விழுப்புரம் போய்ச் சேரும்?” என்றாள் தனக்கொடி, பென் டிரைவைச் செருகியபடி.

“நீ வெட்டிக் குடுக்கற வேகத்துக்கு நடந்தே போயிடலாம்.”

வெரோனிகா சிரிக்கவில்லை.

லேசர் தலை வளைந்து வளைந்து ஓடியது. கருகிய வாசனை எழுந்தது. தனக்கொடி மூடியைத் திறந்ததும் அவர் ஒரு கட்டையை எடுத்து, தண்டவாளத் துண்டைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். ஏறவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஏறவில்லை.

வெர்னியர் அளவுகோலால் அளந்தார். இரு பள்ளங்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் சரியாக இருந்தது. நெருப்பு இரண்டு பக்கமும் சமமாகத் தின்பதால் நடுக்கோடு நகராது. அது எப்போதும் சரியாகத்தான் வரும். பள்ளம் மட்டும் இரண்டுக்குப் பதில் ஒன்று புள்ளி எட்டு. கட்டையின் நீளம் இருபத்தொன்றுக்குப் பதில் இருபத்தொன்று புள்ளி இரண்டு. இரண்டு பிழையும் ஒரே அளவு.

“கழிச்சதையே மறுபடியும் கழிச்சிருக்கேன்,” என்றார். “காலண்டர் மாதிரியே.”

“படத்தத் தொறந்து பாருங்க சார்,” என்றாள் தனக்கொடி. அவள் கண் வெரோனிகா மேல் இருந்தது.

“எதுக்கு?” வெர்னியரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் மனிதர், தன் படத்தைத் திறந்து பார்க்க அஞ்சினார். “போலாம் வெரோ. எழுதிக் குடுத்துடறேன்.”

வெரோனிகா நகரவில்லை.

“என்னங்க. நேத்து நான் இவளுக்குப் போன் பண்ணேன்.”

“எதுக்கு?”

“அந்தக் கருகுற அளவ அவரு விட்டுருப்பாரு, நீயே மெஷின்ல சரி பண்ணிடு, அவருகிட்ட சொல்லாதன்னு.”

தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். “அக்கா அழுதாங்க சார். அதான் படத்தக்கூடப் பாக்காம செட்டிங்க மாத்திட்டேன். என் தப்பு.”

லூர்துபிரகாஷ் கணினி முன் உட்கார்ந்து தன் படத்தைத் திறந்தார். பள்ளம், ஒன்று புள்ளி எட்டு. நீளம், இருபத்தொன்று புள்ளி இரண்டு. அவர் ஒரு தடவைதான் கழித்திருந்தார். மற்றொரு தடவை இயந்திரம் கழித்திருந்தது.

“நான் விட்டுருப்பேன்னே முடிவு பண்ணிட்டியா?”

“ஆமா,” என்றாள் வெரோனிகா. “வேல போயிட்டா நீங்க தாங்க மாட்டீங்க. பயந்துட்டேன்.”

“இப்ப சொல்லாம இருந்திருந்தா நானே வேலைய வுட்டுருப்பேன்.”

“அதான் சொன்னேன்.”

தனக்கொடி அமைப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, புதுப் பலகை வைத்தாள். இயந்திரம் ஓடி முடிக்கும்வரை கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முதல் கட்டையை அவர் தொடவில்லை. “நீ வெச்சுப் பாரு,” என்று தண்டவாளத் துண்டை மனைவியிடம் கொடுத்தார். வெரோனிகா கட்டைவிரலால் அழுத்தினாள். தண்டவாளம் இறங்கி உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை.

“திங்கக்கெழம போறேன்,” என்றார் அவர். “ஆபீசுக்கு யாருக்கும் போன் பண்ணாத.”

அவள் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் நீட்டிய டப்பாவில் போட்டாள்.

“பண்ண மாட்டேன்,” என்றாள்.