ஹஸீபா இன்னும் ஸ்கேனர் வாங்கவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வாட்ஸப் குழுவில் பிறந்தது. ஃபிலிம் கேமராவில் படமெடுக்கிறவர்களின் குழு. அதில் குளச்சல்காரப் பெண் ஒருவர் கேட்டிருந்தார்: “மீடியம் ஃபார்மட், அதான் பெரிய சைஸ் நெகட்டிவைப் படமாக மாற்ற எந்த ஸ்கேனர் வாங்கலாம்?” ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். அடுத்த மாதம் அதே கேள்வி. அதற்கடுத்த மாதமும். இவர் வாங்கப்போவதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஏன் என்றுதான் தெரியவில்லை. அதனால் அவருக்கு ஹஸீபா என்று பெயர் வைத்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘அரபிக் கடலின் அலைகள் குளச்சல் பாறைகளில் மோதி—’

வேண்டாம். குளச்சல் என்றால் கடலில்தான் தொடங்க வேண்டும் என்று எவன் சொன்னான்?

இரண்டாவது: ஹஸீபா நெய்யூர்ப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். லீவு நாளில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய், குனிந்து பார்த்து எடுக்கிற பழைய பெட்டிக் கேமராவில் படமெடுப்பாள். ஃபிலிமைக் குளியலறையில் அவளே கழுவுவாள். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கறுத்த பிச்சிப்பூ, வெளுத்த தலைமுடி. ‘நாளெல்லாம் எலும்பை அப்படிப் பார்க்கிற எனக்கு இது போதும்’ என்று சொல்லிக்கொள்வாள். தான் எடுத்த படத்தைப் படமாக அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஆங், பிடித்துவிட்டேன். படத்தைப் பார்த்து, அது நன்றாக இல்லாவிட்டால்? ஸ்கேனர் வாங்காத வரைக்கும் அவள் நல்ல ஃபோட்டோகிராஃபர். பாவம், அந்தப் பயம்தான்.

3

கணவன் முஹம்மது ஷரீஃப் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். ஸ்கேனர் பேச்சைக் கேட்டு அலுத்துப்போய், ஊருக்கு வந்த சிநேகிதனின் பெட்டியில் ஒன்றை வாங்கி வைத்து அனுப்பிவிட்டான்.* ஹஸீபா பிரித்தாள். சின்ன ஃபிலிமுக்கானது. அவளுடைய நெகட்டிவ் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம், உள்ளே நுழையாது.

வீடியோ காலில் ஷரீஃப் கேட்டான்.

“ஏட்டி, மெஷின் எப்படி?”

“கொள்ளாம் மச்சான்.”

“அப்ப படத்த அனுப்பு. ரெண்டு வருசமா ஃபிலிம கழுவிட்டே இருக்கியே.”

(பொய் சொல்லச் சொன்னது நான் இல்லை. அவளாகச் சொன்னாள்.)

* கல்ஃபிலிருந்து ஒருவர் பெட்டியில் சுமந்து வந்த சாமானை இங்கே யாரும் குறை சொல்வதில்லை. அளவு பத்தாத செருப்பானாலும் ‘கொள்ளாம்’, அதாவது நன்றாக இருக்கிறது என்பதுதான் பதில்.

4

ஒரு வரைவில் அவள் கத்தரிக்கோலை எடுக்கிறாள். நெகட்டிவை ஏறக்குறைய பாதியாக நறுக்கினால் நுழைந்துவிடும். பூக்காரியில் ஒரு பாதி போகும், அவ்வளவுதானே. எழுதி முடிப்பதற்குள் கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்தேன்.

இன்னொன்றில் சரியான ஸ்கேனரே வாங்குகிறாள். கடலோர ஈரத்தில் ஃபிலிம் கண்ணாடியில் ஒட்டி, படமெல்லாம் வானவில் வளையம். உடனே அதைவிட நல்லதைத் தேட ஆரம்பிக்கிறாள். இதுவும் தள்ளிப்போடுகிற சாக்கு. அவளுக்கு மட்டுமா, எனக்கும்தான்.

5

மெஷினில் ஃபிலிம் நுழையாததைச் சென்டர் வரவேற்பில் இருக்கிற அழகியநாயகியிடம் ஹஸீபா புலம்பினாள். அவள் வழி சொன்னாள்.

“எக்ஸ்ரே மாட்டிப் பாக்கிய பழைய லைட்டுப் பெட்டி ஸ்டோர் ரூம்ல சும்மாத்தானே கெடக்கு? அதுல வச்சு போன்ல எடு மக்கா.”

“அது ஸ்கேன் ஆகாதுட்டி. தெளிவா வராது, பின்ன—”

“ஒனக்குப் பாக்கணுமா, வேண்டாமா? அத மொதல்ல சொல்லு.”

கேட்ட எனக்கே சுருக்கென்றது.

சாப்பாட்டு நேரத்தில் ஹஸீபா ஸ்டோர் ரூமிலேயே பெட்டியைத் துடைத்து சுவிட்சைப் போட்டாள். தினமும் கையாளுகிற வெளிச்சம். இது அவளுக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? நெகட்டிவை வைத்துப் போனில் எடுத்தாள். அதிலேயே கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிப் போடுகிற பொத்தான்மேல் விரல் நின்றது.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். படம் பிரமாதம். படம் மங்கல். கரண்ட் போய்விட்டது (வெட்கக்கேடு). மூன்றும் குப்பைக்குப் போயின.

படம் எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் பாடு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் பொத்தானை அழுத்தினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஷரீஃபுக்கு அனுப்பினாள், ‘இது ஒங்க மெஷின்ல எடுக்கல்ல மச்சான், அதுல நொழையல்ல’ என்ற உண்மையையும் சேர்த்து.

“ஏட்டி, சோறு ஆறுது,” என்று அழகியநாயகி கதவைத் தட்டினாள்.

“நீ தின்னு,” என்றாள் ஹஸீபா, அடுத்த நெகட்டிவை எடுத்துக்கொண்டே. “எனக்கு இன்னும் நெறைய பாக்கணும்.”