வெள்ளையடித்த பானைகள்

பொங்கலன்று மத்தியானம் சாய்ந்ததும், கண்ணாடிக் கொட்டகைக்குள் பானையொன்றில் காசிமாயன் கைவிட்டுப் பார்த்தார். வெயிலில் சூடேறியிருக்க வேண்டிய தண்ணீர் கிணற்றுத் தண்ணீராய்ச் சில்லென்று கிடந்தது. அடுத்த பானையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

போன தையில் விழுந்த உறைபனியில், குரங்கணிக்கு மேலே மலையில் அவர் போட்டிருந்த ஏலக்காய் நாற்று ஒரே ராத்திரியில் வெந்த கீரையாய்த் துவண்டது. கரும்பாறையை ஒட்டி நின்றவை மட்டும் பிழைத்தன. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, ராத்திரியில் அதைக் கக்கியிருக்கிறது! அதைக் கண்டுகொண்டவர், இடித்துப்போட்ட பங்களாவின் சன்னல் கண்ணாடிகளை வாங்கிவந்து கொட்டகை போட்டார். மண்பானைகளுக்குக் கரியை அரைத்துப் பூசி, தண்ணீர் நிரப்பி, நாற்றுக்கு நடுவே வரிசையாக வைத்தார். மார்கழிக் குளிர் முழுக்க அந்தக் கரிப்பானைகள்தான் நாற்றைக் காத்தன.

அது வெறும் நாற்றில்லை. மகள் வேலுத்தாயின் கல்யாணச் சபையில், சீராக ஏலநாற்றும் தருவதாகச் சொன்ன வாக்கு. தேவாரத்துச் சம்பந்தி அமாவாசை அதை நம்பித்தான் மலைநிலத்தைத் திருத்தி வைத்திருந்தார். நாற்று போனால் வேலுத்தாய் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது.

மார்கழியில் வந்த அமாவாசை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன சம்பந்தி, இது சீரா, கருமாதிப் பானையா?"

அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது. பொங்கலுக்குச் சம்பந்தி மறுபடி வருகிறார் என்றதும், வீட்டுச் சுவருக்குக் கரைத்த சுண்ணாம்பைப் பானைகளுக்கும் அடிக்கச் சொன்னார் காசிமாயன். "கரி போனா சூடு புடிக்குமா?" என்று கேட்ட மனைவி கருப்பம்மாளை, "தண்ணிக்கு நிறம் தெரியுமாக்கும்! சொன்னதைச் செய்யி" என்று அடக்கினார். காவிப்பட்டையும் இட்டதும் பானைகள் கோயில் மதிலாய் மின்னின.

வாங்கிய வெயிலையெல்லாம் அந்த வெள்ளை திருப்பி அடித்துவிட்டது.

வெளியே வந்து பார்த்தார். வானத்தில் பொட்டு மேகமில்லை. இலை அசையவில்லை. போன தையில் பனி விழுந்த நாளும் இப்படித்தான் இருந்தது. சூரியன் மேற்கு முகட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் பொழுது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

"கருப்பம்மா, தேங்கா நாரு கொண்டா! வெரசா!"

சரிகை வேட்டியோடு கொட்டகைக்குள் மண்டியிட்டுப் பானைகளைச் சுரண்டினார். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காய்ப் பறந்தது. கருப்பம்மாளும் உட்கார்ந்து தேய்த்தாள். பாதிப் பானைகள் முடியுமுன்பே கொட்டகைமேல் மலைநிழல் ஏறிவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா பானை சுரண்டுற சோலியா சம்பந்தி?"

வாசலில் அமாவாசை நின்றார். பொய்யொன்று காசிமாயனின் நாக்குவரை வந்தது. விழுங்கினார்.

"உங்க கண்ணுக்கு அழகா இருக்கட்டும்னு வெள்ளையடிச்சு நாந்தேன் கெடுத்துட்டேன். தண்ணி சூடேறல. இன்னைக்குப் பனி விழும்."

"அப்ப நாத்து?"

"பாறைமேல கெடக்குற கல்லு இன்னும் சுடும். அதை உள்ள கொண்டாந்து போட்டா ஒருவேளை தப்பும்."

அமாவாசை வானத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு செத்தது. துண்டை இடுப்பில் இறுக்கினார். "சாக்கு எங்க இருக்கு? எம் மருமக சீரை நான் சுமக்காம வேற எவன் சுமப்பான்?"

இருட்டும்வரை மூவரும் கல் சுமந்தார்கள். சூடு ஆறுமுன் சாக்கோடு நாற்றுக்கு நடுவே இறக்கி, கதவுச் சந்தில் வைக்கோல் திணித்தார்கள். பொங்கல் பானை தொடாமல் கிடந்தது. காசிமாயன் படுக்கவில்லை. கதவைத் திறந்தால் உள்ள சூடும் போய்விடும். திறக்காவிட்டால் ஒன்றும் தெரியாது.

விடிந்தபோது வெளியே புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது, மிதித்தால் நொறுங்கியது. கதவைத் திறந்தார். உள்ளே, நாற்றின் இலைகளில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

பின்னால் கருப்பம்மாள், "ஆத்தாடி!" என்று வாயைப் பொத்தினாள்.

எட்டி ஒரு இலையைத் தொட்டார். வெள்ளை விரலில் ஒட்டியது. கரையவில்லை. ஈரமுமில்லை. இரண்டு விரலால் தேய்த்தார், நறநறத்தது.

இலைக்கடியில் தண்டு விறைப்பாய், பச்சையாய் நின்றது.

விரலைச் சம்பந்தியிடம் நீட்டினார். அமாவாசை அதை உற்றுப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"சுண்ணாம்பு இருக்கு. போய் வெத்தல பாக்கு கொண்டாங்க சம்பந்தி."