புகைச் சோதனை

“பக்கத்து சீட்லேர்ந்து எட்டி ஹாரன் அடிக்காதீங்க சித்தப்பா, வரிசை நகரணும்ல!”

“வீட்ல உங்கப்பா காத்துக்கிட்டிருக்காரும்மா!”

காத்திருந்தவர் விடிகாலையில் இறந்துபோயிருந்தார். கடைசியாகத் தன் வேனில்தான் போகவேண்டும் என்பது அவர் பல வருஷமாகப் பிடித்த பிடிவாதம். அவர் நேரம், வாகனச் சோதனைச் சட்டம் இன்றுதான் அமலுக்கு வந்தது. சோதனையில் தேறிப் பச்சை ஸ்டிக்கர் வாங்காத வண்டியை நடுரோட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அந்தச் சட்டம் வேண்டாமென்று டிரைவர்களைத் திரட்டி, இதே சோதனை நிலையத்தின் வாசலில் தொண்டை கிழியக் கத்தியவரும் அவர்தான். அவருடைய வேன் கிளம்பினால் தெருவே மூக்கைப் பொத்தும்.

பிரேக் தேறியது. விளக்கு தேறியது. ஸ்டியரிங்கும் தேறியபோது மகள் நம்பமுடியாமல் சித்தப்பாவைப் பார்த்தாள். சோதனை செய்த பெண் புகைக்குழாயில் கருவியைச் செருகினாள்.

“கொஞ்சம் பார்த்துப் போடும்மா,” என்று சித்தப்பா பேரத்தை ஆரம்பித்தார்.

“மெஷினுக்குக் காது கேக்காது சார். மிதிங்கக்கா!”

மகள் மிதித்தாள். இன்ஜின் திணறி, முக்கி, அணைந்தது. திரையில் சிவப்பு.

“குழாய்க்குள்ள எதையோ அடைச்சிருக்கீங்க.”

சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

“சித்தப்பா?”

“பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருள்தாம்மா. புகையை வடிகட்டும்னு ஒருத்தன் சொன்னான்.”

“டீ வடிகட்டுற மாதிரியா?” என்றபடி அந்தப் பெண் இடுக்கியால் அதை உருவி எறிந்தாள்.

வரிசையில் நின்ற டிரைவர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். மகள் மறுபடி மிதித்தாள். எண் ஏறியது, தயங்கியது, நின்றது. பச்சை! யாரோ விசிலடித்தார்கள்.

“முதலுதவிப் பெட்டி மட்டும் காட்டிடுங்க, முடிஞ்சுது.”

அதெல்லாம் ஏது? மகள் ஒப்புக்குச் சீட்டின் அடியில் கைவிட்டாள். பெட்டி இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பக்கத்தில் அப்பாவின் பழைய சட்டையில் ஒரு பொட்டலம். உள்ளே இன்ஜினிலிருந்து கழற்றிய, டீசல் பீச்சும் பழைய நாசில்கள், கரி படிந்த ஃபில்டர், தேய்ந்த பிரேக் கட்டைகள்.

“அடப்பாவி அண்ணே! என்னை வெயில்ல கொடி பிடிக்க விட்டுட்டு, நீ நைசா எல்லாத்தையும் புதுசா மாத்திட்டியா!” என்று கத்திய சித்தப்பா, துக்க வீட்டிலிருந்து வந்திருப்பது நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைக்குப் போனால், வாங்குவதென்று முடிவு செய்த சரக்கைத்தான் அப்பா அதிகம் திட்டுவார். மகள் பொட்டலத்தை இருந்தபடியே சுற்றி வைத்தாள்.

மதியம் வேன் அவரை ஏற்றிக்கொண்டது. மகள்தான் ஓட்டினாள். இன்ஜின் உறுமியதும் பின்னால் நின்ற தெருவே பழக்கதோஷத்தில் துண்டையும் முந்தானையையும் மூக்குக்குக் கொண்டுபோனது.

அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, கைகள் மெல்ல இறங்கின.