கயிறு பிடித்தவன்

யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறும்போதுதான் லியோனுக்குத் தெரிந்தது, தன் ஆசனம் அத்தான் இன்னாசித்தம்பியின் பக்கத்தில் என்று. வேறு யாருடனாவது மாற்றிக்கொள்வோமா என்று யோசித்தான். பிறகு, ஆண்டவர் போட்ட இடம் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

1968 ஆவணி மாதம். தென் அமெரிக்காவில் பொகோட்டா என்னும் நகரத்தில் கத்தோலிக்கரின் நற்கருணை மாநாடு. பங்குக் குரு பிலேந்திரன் சுவாமியோடு யாழ்ப்பாணத்திலிருந்து பதினொரு பேர் போனார்கள். செலவைப் பிறநாட்டு விசுவாசிகள் ஏற்றிருந்தார்கள். லியோனின் ஊரான குருநகருக்கு இரண்டு இடம். கோயிலில் சீட்டுக் குலுக்கியபோது, ஊரிலே முகம் பாராமல் இருந்த இரண்டு பேரின் பெயர்தான் விழுந்தது.

பன்னிரண்டு வருசத்துக்கு முன், இன்னாசித்தம்பியின் மூத்த மகன் தேவராசா சங்கு குளிக்க இறங்கி, பிணமாய்த்தான் மேலே வந்தான். அந்தக் கரையில், குளிக்கிறவனை மேலே இழுக்கும் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டார்கள். தாயின் கூடப்பிறந்தவனிடம் கொடுப்பார்கள். தன் அக்காவை அழவைக்க எவனுக்கு மனம் வரும்? அன்று கயிறு பிடித்தவன் லியோன். “கயிறு அடியிலை கல்லுப் பாரிலை சிக்கிப் போச்சு” என்றான். ஊர் நம்பியது. தேவராசாவின் தாய், அக்கா யோசப்பின், நம்பினாள். இன்னாசித்தம்பி மட்டும் நம்பவுமில்லை, கேட்கவுமில்லை. அன்றோடு அவர்களிடையே கதைபேச்சு நின்றது.

கயிறு சிக்கவில்லை. அடியிலிருந்து அது துடித்த நேரம் லியோன் காற்றுக்கு முதுகு காட்டிச் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நின்றான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பும் பெற்றிருந்தான். ஆனால் பெற்ற தகப்பனுக்குச் சொல்லாமல், பூசையில் சுவாமி தரும் நற்கருணை அப்பத்தை வாங்க மனம் துணியவில்லை. சனம் வாங்க எழும்பும்போது இவன் பின்வரிசையில் குனிந்திருப்பான். பொகோட்டாவிலாவது அத்தானிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டு வாங்க வேண்டும். அவன் அதற்காகவே புறப்பட்டான்.

இரத்மலானையில் இறங்கி, கட்டுநாயக்காவில் ஏறி, பம்பாய், ரோமாபுரி, மட்ரிட் என்று விமானம் மாறி மாறிப் போனார்கள். இளமையில் சங்கு குளித்தபோது கடலடியில் ஒரு காது பழுதானவர் இன்னாசித்தம்பி. விமானம் தாழும்போதெல்லாம் அவர் காதைப் பொத்திக்கொண்டு முனகுவார். சப்பினால் காது திறக்கும் என்று லியோன் ஒரு ரொபி மிட்டாயை எடுத்து நீட்டினான்.

“சுவாமி, உவனுக்குச் சொல்லுங்கோ, எனக்கு ரொபி வேண்டாமெண்டு.”

“லியோன், ரொபி வேண்டாமாம்,” என்றார் சுவாமி. “வேறை என்ன? நானென்ன உங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலை தந்தி அடிக்கிற கந்தோரே?”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லியோனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. முழங்கால் முட்ட இருக்கிற ஆளை, யாரோ தள்ளி நிற்கிறவன்போல் ‘உவன்’ என்றால்?

மட்ரிட்டில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது துணிந்து தொடங்கினான். “அத்தான், உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்...”

இன்னாசித்தம்பி கேளாத காதை இவன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

பொகோட்டா எண்ணாயிரத்து அறுநூறு அடி உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலே பிறந்து அங்கேயே நரைத்த சனத்துக்கு நாலு படி ஏறினாலே நெஞ்சு அடைத்தது. பெரிய பூசை நாளன்று காலை இன்னாசித்தம்பியால் கட்டிலை விட்டு எழும்பவே முடியவில்லை. வைத்தியர் வந்து பார்த்து, இரண்டு நாள் அசையாமல் படுக்கட்டும், யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சொல்லிப் போனார்.

“நான் நிக்கிறன், சுவாமி,” என்றான் லியோன்.

“இவ்வளவு தூரம் வந்து பூசையை விடப்போறியோ?”

“பரவாயில்லை, நீங்கள் போயிட்டு வாங்கோ.”

எல்லாரும் போய்விட்டார்கள். வெளியே குளிர்மழை. லியோன் கட்டிலருகே இருந்து செபமாலை சொன்னான். சற்று நேரத்தில் அத்தானின் உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டான். நெஞ்சு அசையவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு, மறுபடி அசைவில்லை. மனத்துக்குள் எண்ணிப் பார்த்தான்: இருபது, முப்பது, நாற்பது. அப்போதுதான் விளங்கியது. மூச்சுக் குறைந்தால் இருக்கிறதைச் சேமிப்பது சங்கு குளிக்கிறவனின் பழக்கம். மனிதர் மலையின் மேலே கிடந்துகொண்டு கடலுக்கடியில் இருப்பதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தான், மூச்சைப் பிடிக்காதேங்கோ! இது தண்ணியில்லை. விடுங்கோ, விட்டிட்டுத் திருப்பி எடுங்கோ!”

தோளைத் தூக்கித் தன் நெஞ்சிலே சாய்த்துக்கொண்டான். இன்னாசித்தம்பி இருமினார், திணறினார், பிறகு மெல்ல மெல்ல மூச்சு விட்டார். உதட்டில் நிறம் திரும்பியதும் முகத்தைத் திருப்பிக் கேட்டார்:

“அப்ப நீ ஏன்டா அண்டைக்கு இழுக்கேல்லை?”

பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு நேரே வந்த முதல் ‘நீ’.

“கயிறு சிக்கேல்லை, அத்தான். நான் சுருட்டுப் பத்த வைச்சுக்கொண்டு நிண்டனான். கயிறு காலுக்குக் கீழை கிடந்தது.”

“எவ்வளவு நேரம்?”

“காத்து... மூண்டு குச்சி அணைஞ்சு போச்சு.”

“மூண்டு குச்சி,” என்றார் இன்னாசித்தம்பி. லியோன் அவரைத் தாங்கிய கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

“கொக்கா யோசப்பினுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“சொல்லாதை. அவளுக்குச் சகோதரமெண்டு நீ ஒருத்தன்தான் மிச்சம்.”

பொழுதுபடப் பிலேந்திரன் சுவாமி திரும்பி வந்தார். நோயாளிக்கென்று நற்கருணை கொண்டுவந்திருந்தார். லியோன் அத்தானின் கேட்கும் காதருகே குனிந்தான்.

“நான் வாங்கலாமோ, அத்தான்?”

இன்னாசித்தம்பி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

“வாங்கு. நீ சொல்லிப்போட்டாய்.”

சுவாமி அவர் பக்கம் திரும்பியபோது அவர் தலையை ஆட்டி மறுத்தார். “எனக்கு இப்ப ஏலாது, சுவாமி. மனம் இன்னும் ஆறி வெளிக்கேல்லை. பொய்க்கு வாங்கக்கூடாது.”

சுவாமி அவரை வற்புறுத்தவில்லை. லியோன் முழங்காலில் நின்று வாங்கினான். இந்த நாளில் எவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறான். இப்போது, தான் எழும்பி வந்த பின்வரிசையில் அத்தான் போய்க் குந்திவிட்டதுதான் தெரிந்தது. அவரை அங்கே இருத்தியவனும் தானே.

போர்வைக்கு வெளியே இன்னாசித்தம்பியின் பாதங்கள் தெரிந்தன. தொட்டுப் பார்த்தான், குளிர்ந்து போயிருந்தன. தன் கம்பளிக் காலுறைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக அவருக்குப் போட்டுவிட்டான். இன்னாசித்தம்பி சுவரைப் பார்த்தபடி கிடந்தார். காலை இழுத்துக்கொள்ளவில்லை.