செடியின் வாயில் சுடுங்கள்

1

இந்தக் கதையில் இருக்கும் கோபம் என்னுடையது அல்ல, இரவல் வாங்கியது. நேற்று மாலை வேலை முடிந்து வந்த என் நாத்தனார், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கொட்டித் தீர்த்த கோபம். வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அவள் கதை எழுதுகிறாள். அங்கே அவளுக்குப் பெயரே கதைக்காரிதான். நானும் சிறுகதை எழுதுகிறவள் என்பதால், ஒரே வீட்டில் இரண்டு பேர் புளுகிப் பிழைக்கிறார்கள் என்பார் அவளுடைய அண்ணன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘பாழடைந்த ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி வீட்டுக்குள், இருளைக் கிழித்துக்கொண்டு அந்த ராட்சதச் செடி—’

அடித்துவிட்டேன். இருளை எத்தனை பேர்தான் கிழிப்பது?

2

கேம் விளையாடாதவர்களுக்கு இந்தப் பகுதி. (விளையாடுகிறவர்கள் தாண்டிப் போகலாம். போக மாட்டீர்கள், தப்புக் கண்டுபிடிக்கவாவது படிப்பீர்கள்.)

ஓர் ஆய்வுக்கூடத்தில் விஷம் கசிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களெல்லாம் உருமாறிவிட்டார்கள். கையில் துப்பாக்கியும் கொஞ்சம் குண்டுகளும் வைத்துக்கொண்டு நீங்கள் உயிர் பிழைத்து வெளியேற வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரிய எதிரி நிற்கும், அதற்குப் பெயர் பாஸ். செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் பாஸ் ஒரு செடி. கூரையை முட்டும் உயரம், கை கையாகக் கொடிகள், நடுவில் ஒரு வாய்.

அந்தச் செடி முன்பு ஒரு பெண். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள். விஷம் கசிந்த அன்று அதிகாரிகள் வெளியே ஓடி, கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டார்கள். அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று தெரிந்தேதான் பூட்டினார்கள். இதை எழுதியவள் கதைக்காரி.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ் இருக்கும் அறைக்குள் நீங்கள் காலை வைத்ததும் உங்கள் பின்னால் கதவு பூட்டிக்கொள்ளும். பாஸ் செத்தால்தான் திறக்கும். பூட்டு விழும் அந்த நொடிதான் பாஸுக்கும் சண்டை போடச் சொல்லும் உத்தரவு.

3

புரோகிராமர் அந்த ஒரு அறையில் மட்டும் கதவைப் பூட்ட மறந்துவிட்டார். வேலைப் பளு, மறதி, அவ்வளவுதான். உள்நோக்கம் எதுவும் இல்லை.*

நேற்றுக் காலை, விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர் பெண் கண்ணாடி வீட்டுக்குள் போனாள். கதவு திறந்தே கிடந்தது. செடி அடிக்கவில்லை. கொடிகள் மட்டும் தரையோடு தரையாக மெல்ல ஊர்ந்து, அவளைத் தாண்டி, கதவு வழியாக நடைபாதைக்குப் போய், அங்கே எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டின் கீழே நின்றுவிட்டன. வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே சாய வேண்டும் என்று ஓவியர் அந்தக் கொடிகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். பார்வைக்கு அழகாக இருக்கட்டுமே என்று செய்தது.

“அக்கா, இங்க வந்து பாருங்களேன். உங்க செடி சண்டை போட மாட்டேங்குது. வெளிய போகப் பாக்குது.”

கதைக்காரியின் கண்கள் கலங்கின.

(இன்று காலை காப்பியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தாள்.

“அண்ணி, நான் எங்க அழுதேன்?”

“கதைக்கு நல்லா இருக்கும்டி.”

“எனக்கு வயிறு எரிஞ்சுது. அதை எழுதுங்க. அழுதேன்னு போட்டா, ஐயோ பாவம்னுட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுவாங்க.”)

திருத்தம்: கதைக்காரிக்கு வயிறு எரிந்தது.

* உள்நோக்கம் இருந்ததாக எழுதலாமா என்று யோசித்தேன். மறதிக்கு இருக்கும் மரியாதையைக் கெடுப்பானேன்?

4

கேமின் டைரக்டருக்குப் பெரிய மீசை வைத்து எழுதினேன். அதையும் கதைக்காரி அடிக்கச் சொன்னாள். “அவர் மீசையே வைக்கல அண்ணி. ரொம்பத் தன்மையாப் பேசுவார். அதுதான் எரிச்சலே.”

நேற்று மத்தியானம் நடந்த கூட்டத்தில் அவள் எழுந்து சொன்னாள்: “நாம கதவைப் பூட்டறதாலதான் சார் அவ ராட்சசி. பூட்டலன்னா வெறும் செடி. அப்படியே விட்டுடலாம்.”

“நல்லாத்தான்மா இருக்கு. ஆனா விளையாட வர்றவன் துப்பாக்கியோட வர்றான். சுடறதுக்கு ஒண்ணும் இல்லன்னா அவன் என்ன பண்ணுவான்?”

“வழிய விட்டு நகந்து நிப்பான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் வீடுவரை சுமந்துகொண்டு வந்தது அந்தச் சிரிப்பைத்தான்.

“பூட்டிடுங்க,” என்றார் டைரக்டர், புரோகிராமரிடம். பிறகு இவள் பக்கம் திரும்பினார். “தோத்துப் போனவங்களுக்குத் திரையில வர்ற குறிப்பு உங்க வேலைதானே? ‘செடியின் வாயில் சுடுங்கள்.’ ஒரே வரி. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள போட்டுடுங்க.”

வாயில்! ஒருத்தியை உள்ளே வைத்துப் பூட்டுவார்களாம். அவள் கத்தினால் ராட்சசி என்பார்களாம். எங்கே சுட வேண்டும் என்பதை, அவளுக்காகப் பேசிய ஒரே ஆளையே எழுதச் சொல்வார்களாம். அதையும் தன்மையாகச் சொல்வார்களாம். இரவல் கோபம் என்று சொன்னேன் அல்லவா? இனி அதைத் திருப்பித் தருவதாக இல்லை.

5

கூட்டம் முடிந்ததும் புரோகிராமர் அவள் மேஜைக்கு வந்தார். மறந்ததற்கு வாங்கிய திட்டில் முகம் சிவந்திருந்தது.

“கதவைப் பூட்ட எனக்கு ஒரு நிமிஷம் போதும். உங்க குறிப்பைப் பாத்துட்டுப் பூட்டறேன். சுடச் சொல்லி எழுதினா பூட்டிடுவேன். வேற ஏதாவது எழுதினா, நான் மறந்தது மறந்ததாவே இருக்கட்டும். திட்டு விழுந்தா ரெண்டு பேருக்கும் சேத்து விழட்டும்.”

இனி முடிவு.

முதல் முடிவு: அவள் எழுதிக் கொடுத்துவிடுகிறாள். மாத இறுதியில் கேம் வெளியாகிறது. ஊர்ப்பட்ட பேர் ஒருத்தியின் வாயில் சுட்டுவிட்டுக் கைதட்டு— வேண்டாம், எனக்கே தாங்கவில்லை.

இரண்டாம் முடிவு: வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறுகிறாள். இதை அவளே பேனாவால் கிறுக்கி அடித்தாள். “நான் போனா வேற ஒருத்தர் அஞ்சு நிமிஷத்துல அந்த வரியை எழுதிடுவார். எனக்குத்தான் வெளிய வந்த பெருமை. அவ உள்ளதான கிடப்பா?”

மூன்றாம் முடிவு: டைரக்டர் மனம் மாறி

(கதைதான். அதற்காக இவ்வளவுமா?)

6

சற்று முன் அலுவலகத்திலிருந்து போன் செய்தாள்.

“அண்ணி, முடிவை எழுதிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. நீ?”

“காலையிலேருந்து குறிப்பு எழுதற அந்தக் காலிக் கட்டத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். நீங்க எழுதாதீங்க. எழுதினா எனக்கு ஒரு சாக்கு கிடைச்சுடும். அதையே செஞ்சுட்டுப் பழியை உங்க மேல போட்டுடுவேன்.”

ஆகவே நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள். இத்தனை பகுதிகளைத் தாண்டி உள்ளே வந்துவிட்டீர்கள், எங்கேயாவது உங்கள் பின்னால் கதவைப் பூட்டினேனா? இல்லை. அது திறந்தேதான் இருக்கிறது. ஒரு வரிக்குத்தான் இடம்:

குறிப்பு: ........................................

சாயங்காலம் ஆக இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. யோசித்தே எழுதுங்கள். அதற்கு முன்னால் தயவுசெய்து சற்று நகர்ந்து நில்லுங்கள். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.