மூன்றரை மணிக்குப் போகாத சிங்கம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாவது அரையாண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதெல்லாம் முழு ஆண்டில் சொல்லித்தருவார்கள் போலிருக்கிறது. அதனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் பாடம் முடிந்த மறுநாள், நாற்பத்திரண்டில் சுடப்பட்ட சிங்கம் வரும். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து, பாடத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று பெண்கள் எழுதியதைக் கேட்கும். மூன்றரை மணிக்குப் போய்விடும்.

அந்த வருடம் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்று மூர் மார்க்கெட் பக்கம் மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுவிட்டார்கள். அங்கிருந்து எங்கள் பள்ளி நடக்கிற தூரம்தான். மற்ற பள்ளிகளுக்கு எது வருகிறது என்று எனக்குத் தெரியாது.

நான் ஆயா. கேட்டைத் திறப்பதும் தண்ணீர் வைப்பதும் என் வேலை. சிங்கம் ஒரு வாளி தண்ணீரையும் குடித்துவிடும். குடித்தது குண்டு துளைத்த மூன்று ஓட்டை வழியாகவும் ஒழுகும். பெண்கள் வழுக்கி விழுந்தால் என்னைத்தான் கேட்பார்கள் என்பதால் மூன்று குவளைகளை வைப்பேன். இடுப்புப் பக்கத்து ஓட்டைக்குப் பெரிய குவளை.

"ஆயாம்மா, உங்க ஆளு வந்தாச்சு" என்று பெண்கள் கூப்பிடுவார்கள். நான் துடைப்பத்தோடு ஓடுவேன்.

வரலாறு எடுக்கிற மெஹருன்னிசா டீச்சர் முதல் நாளே போர்டில் இரண்டு வரி எழுதிப்போடுவார். போர் அழிவைத் தருகிறது. நாம் அமைதியைப் பேண வேண்டும். நாற்பத்தொரு பேரும் அதைத்தான் தாளில் எழுதி, எழுந்து நின்று வாசிப்பார்கள். நான்காவது பெண் வாசிக்கும்போது சிங்கம் தூங்கிவிடும். பெல் அடித்ததும் எழுந்து, பிடரியை உதறிக்கொண்டு போகும். ஹெச்.எம். மேடம் பதிவேட்டில், வந்தது, கேட்டது, சென்றது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். நான் வேலைக்கு வந்த பதினாறு வருடமாக அப்படித்தான்.

இந்த வருடம் சிங்கம் வந்தது ஒரு வியாழக்கிழமை. இருபத்து மூன்றாவதாக எழுந்தவள் மோனிஷா. தினமும் தாமதமாக வந்து, கேட்டைத் திற என்று என்னிடம் கெஞ்சுகிறவள். அவள் வாசித்தாள்.

"சிங்கம் எதுவும் செய்யவில்லை. செய்யும் என்று நினைத்தார்கள். வெளியே இருந்தவர்கள் ரயில் ஏறினார்கள். உள்ளே இருந்ததைச் சுட்டார்கள். நான் கற்றுக்கொண்டது, போர் வருவதற்கு முன்பே கூண்டில் இருப்பவர்களுக்குப் போர் வந்துவிடும். சுடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யார் என்று என் புத்தகத்தில் இல்லை. அதை எனக்குச் சொல்லுங்கள்."

"இது போர்டுல இல்லையேம்மா" என்றார் டீச்சர்.

"கத்துக்கிட்டத எழுதுன்னுதான டீச்சர் சொன்னீங்க?"

"ஆமா."

"போர்டு கத்துக்கிட்டத நான் எதுக்கு எழுதணும்?"

சிங்கம் விழித்துக்கொண்டது. எழுந்து நான்காவது பெஞ்சுக்கு வந்து, மோனிஷாவின் டெஸ்க்கில் தாடையை வைத்துக்கொண்டு காத்திருந்தது. மூன்றரை மணிக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை நான் கேட்டைத் திறந்தபோதும் அதே இடத்தில் இருந்தது. குவளைகள் நிரம்பி வழிந்திருந்தன. துடைக்க அரை மணி நேரம் ஆனது.

பதிவேட்டில், செல்லவில்லை என்று எழுதக் கட்டம் கிடையாது. அதனால் ஹெச்.எம். மேடம் மோனிஷாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் வேறு தாள் எழுதித் தரச் சொன்னார். இல்லையென்றால் டி.சி.

"ரெண்டு வரி மாத்தி எழுதுறதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?"

"எழுதுறது கஷ்டம் இல்ல மேடம். அது தூங்கிடும்."

"தூங்கட்டுமே."

"எழுபது எண்பது வருஷமா தூங்கிட்டுத்தான் இருக்கு மேடம்."

அவளை அனுப்பிவிட்டு மேடம் என்னைக் கூப்பிட்டார். மோனிஷாவின் தாளை என் கையில் கொடுத்தார்.

"ஜெயசீலி, இதக் கிழிச்சுப் போட்டுடு. யாராச்சும் கேட்டா குப்பைன்னு நெனச்சுக் கிழிச்சிட்டேன்னு சொல்லு. உனக்குத்தான் படிப்பு இல்லையே, நம்பிடுவாங்க."

"அவ கேட்டா மேடம்?"

"அவ கேக்குறா, சிங்கம் கேக்குது, இப்ப நீயும் கேக்குறியா? நீ இன்னும் டெம்பரரிதான், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும். சிலிண்டரை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே ஞாபகம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனேன். சிங்கம் பின்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்தது. நான் போய் ஒரு குவளையை எடுத்து வந்து அதன் இடுப்புப் பக்கம் வைத்தேன்.

"கிழிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

சிங்கம் எப்படிப் பேசும்.

கிழிப்பதற்கு முன்னால் எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன். எனக்கும் ஒரு காலத்தில் ஒரு கேள்வி இருந்தது. தம்பி பிறந்ததற்கு நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டும் என்ற கேள்வி. அதை யாரிடமும் கேட்காமலே தொட்டிலை ஆட்டப் போய்விட்டேன். இந்தப் பெண் கேட்டுவிட்டாள். கேட்டதை அழிக்கிற வேலைக்கு நான்தான் கிடைத்தேனா என்று கோபம் வந்தது.

பேனாவை எடுத்து அவள் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். எனக்கும் சொல்லுங்கள். ஜெயசீலி, ஆயா.

சொல்லுங்கள் என்பதற்கு எந்த ளகரம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மேலே மோனிஷா எழுதியிருந்ததைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன்.

நிமிர்ந்தால் வாசலில் சிங்கத்துக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள் நிற்கிறார்கள்.

"ஆயாம்மா, எங்களுக்கும் புதுத் தாள் வேணும்."

"எதுக்கு?"

"தப்பா எழுதிட்டோம்."

தாள் அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். மேடம் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது. சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது தடவை திறந்துகொண்டது. மோனிஷா தவிர நாற்பது பேருக்கு நாற்பது தாள் எண்ணிக் கொடுத்தேன். மோனிஷாவின் தாளை அவளிடமே சேர்த்துவிடச் சொன்னேன்.

திங்கட்கிழமை முதல் பீரியட். மெஹருன்னிசா டீச்சர் உள்ளே வந்து, போர்டைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். பிறகு டஸ்டரை எடுத்து அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டு, "ஒண்ணாம் நம்பர், வாசி" என்றார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி ரயிலில் இடம் கிடைக்காதவர்களைப் பற்றி எழுதியிருந்தாள். இன்னொருத்தி சுட்டவன் அன்று மதியம் என்ன சாப்பிட்டிருப்பான் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். கையெழுத்துப் போட்டது யார், எனக்குச் சொல்லுங்கள். சிங்கம் நாற்பத்தொரு பேர் முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டது.

ஹெச்.எம். மேடம் எல்லோருக்கும் டி.சி. எழுதச் சொன்னார். ஆபீஸில் இருக்கிற தட்சிணாமூர்த்தி சார் டி.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பதினேழு தாள்தான் மேடம் பாக்கி. யார் அந்தப் பதினேழு பேர்னு சொன்னீங்கன்னா எழுதிடுறேன்."

மேடம் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாத் தாளிலும் ஒரே கேள்வி. டி.சி. புத்தகம் உள்ளே போனது. மோனிஷா வகுப்புக்குப் போனாள். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"தாள் யார் குடுத்தது?"

"நான்தான் மேடம்."

"நாளைலேர்ந்து வராதன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

"தெரியும் மேடம். அதான் பயமா இருக்கு."

"பயமா இருக்குல்ல? அப்புறம் ஏன் குடுத்த?"

"குடுக்காம இருந்தாலும் பயமாத்தான் மேடம் இருந்திருக்கும். எனக்கு எப்பவும் இருக்கும்."

சாயங்காலத்துக்குள் சாவியை ஒப்படைக்கச் சொன்னார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். ஆயாவை ஒரு நிமிடத்தில் நிறுத்தலாம். எட்டாவது முடிக்காத மாணவியை யாரும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. அதை மேடமே பெற்றோர் கூட்டத்தில் மைக்கில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆபீஸுக்குப் போய் விடுப்புக் கடிதம் ஒன்று எழுதினேன். தம்பி பிறந்த காரணத்தால் முப்பத்தொன்பது வருடம் பள்ளிக்கு வர இயலவில்லை, அன்புகூர்ந்து விடுப்பு அளித்து, ஏழாம் வகுப்பைத் தொடர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி. கீழ்ப்படிதலுள்ள என்பதை மட்டும் அடித்துவிட்டேன்.

தட்சிணாமூர்த்தி சார் முழுவதும் படித்தார்.

"லீவு கொஞ்சம் அதிகம்தான். பரவால்ல. பெற்றோர் கையெழுத்து எங்கம்மா?"

"அப்பா அம்மா இல்ல சார்."

"கார்டியன் இருந்தாப் போதும்."

கூட வந்திருந்த சிங்கம் முன்னங்காலை ஸ்டாம்ப் பேடில் ஒற்றித் தாளில் வைத்தது.

"இது வலது. ரேகைன்னா இடதுதான் செல்லும்" என்றார் சார்.

சிங்கம் காலை மாற்றி வைத்தது. சார் அதற்குக் கீழே, பாதுகாவலர், எந்த நேரமும் பள்ளிக்கு வரலாம் என்று எழுதி முத்திரை குத்தினார்.

காலியான ஆயா வேலைக்கு அன்றைக்கே ஒரு புலி விண்ணப்பித்திருந்தது. அதற்கு ஐந்து ஓட்டை. குவளைகள் இருக்கிற இடத்தைக் காட்டி, சாவிக்கொத்தை அதன் கழுத்தில் மாட்டிவிட்டு, ஏழாம் வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.