மூன்றாம் குழிக்கு இடப்பக்கம்

சர்வேயர் தன் வாழ்நாளில் நம்பியது இரண்டே பொருள். ஒன்று அவருடைய அளவு நாடா. இன்னொன்று, அந்த நாடாவைச் சரிபார்க்க அவர் வைத்திருந்த இரண்டாவது அளவு நாடா. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டிய மனைவியே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "சர்வேயர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பாள். இரண்டு மீட்டர் துணி வாங்கினால் வீட்டுக்கு வந்து அளப்பார். குறைந்தால் சண்டை. சரியாக இருந்தால் அதைவிடப் பெரிய கவலை: "இவ்வளவு சரியா ஏன் குடுத்தான்?"

அப்படிப்பட்ட மனிதர் மருமகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். அங்கேதான் சறுக்கியது.

நகராட்சியின் பொது கோல்ஃப் மைதானம் தண்ணீர்த் தொட்டிக்கும் பஸ் டெப்போவுக்கும் நடுவில் இருந்தது. மொத்தம் ஒன்பது குழி. அது பணக்காரர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு உலாவும் இடம் அல்ல. நர்ஸ், கண்டக்டர், கணக்கு வாத்தியார், முடிதிருத்துபவர், யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கிக்கொண்டு மட்டையோடு இறங்கலாம். புல் ஓரிடத்தில் வழுக்கைத் தலை, அடுத்த இடத்தில் சிங்கத்தின் பிடரி. ஐந்தாம் குழியில் அடித்த பந்தைத் தேடிப் புதருக்குள் போன ஒரு கண்டக்டர், தன் ஓய்வு விழாவுக்குத்தான் திரும்பி வந்தாராம். அவ்வளவு அடர்த்தி.

இந்த மைதானத்தைத் திருத்தி அமைக்கும் வேலை சர்வேயரின் மருமகளுக்குக் கிடைத்தது. மைதானம் வடிவமைக்கவே படித்தவள். அதுவரை யாரோ வரைந்த படத்துக்கு எங்கேயோ ஓர் அலுவலகத்தில் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயரிலேயே வந்த முதல் வேலை இது. வீட்டுச் சாப்பாட்டு மேசை மூன்று மாதமாக அவளுடைய வரைபட மேசை ஆயிற்று. மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அந்த மூன்று மாதமும் ஞாயிறு தவறாமல் அவள் சர்வேயர் பின்னாலேயே மைதானத்தில் நடந்தாள். அவர் பந்து விழும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடியைக் குத்துவாள், நோட்டில் ஏதோ குறிப்பாள். சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, மாமனார் ஆட்டத்தை வெச்சுதான் மைதானமே போடறா" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார். அவர் அடிக்கும் பந்து வழக்கமாக இடப்பக்கம் வளைந்து போகும். தென்னங்கீற்றுபோல வளையும் என்பார் அவர். பார்த்தவர்கள், வீட்டுக்கு வழி தெரியாத மாடுபோலப் போகும் என்பார்கள்.

ஞாயிறு ஆட்டத்தில் அவருக்கு எதிராளி சம்பந்தி. அதாவது இதே மருமகளைப் பெற்றவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். இருவரும் நாலு வருடமாக மோதிக்கொள்கிறார்கள். சர்வேயர் வென்ற ஞாயிறுகள் டாக்டர் வென்றவற்றைவிட ஒன்றே ஒன்று அதிகம். அந்த ஒன்றை அவர் பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாக வைத்திருந்தார்.

திட்டத்தின் படம் நகராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டது. ஆட்சேபணை உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் எழுத்தில் தரலாம். ஒரே ஒரு ஆட்சேபணை வந்தாலும் போதும், திட்டம் குழுவுக்குப் போய்விடும். குழுவுக்குப் போன திட்டம் உயிரோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. முதியோர் பூங்கா வேண்டுமென்று கேட்ட முதியோரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பூங்கா இன்னும் குழுவில் இருக்கிறது.

சர்வேயர் பெருமையோடு படத்தைப் பார்க்கப் போனார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். மூன்றாம் குழிக்கு இடப்பக்கம் ஒரு பங்கர். பங்கர் என்றால் மணல் நிரப்பிய பள்ளம். பந்து அதில் விழுந்தால் எடுத்து அடிப்பதற்குள் ஆயுசில் பாதி போய்விடும். பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். அடிக்கும் மேட்டிலிருந்து நூற்று நாற்பத்தெட்டு மீட்டர். அவர் பந்து ஞாயிறு தவறாமல் போய் விழும் அதே இடம். எட்டாம் குழியிலும் இடப்பக்கம் ஒரு பங்கர், அதே தூரம்.

சிவப்புக் கொடிகள் ஒவ்வொன்றாக அவர் மனக்கண்ணில் வந்து குத்தின.

"தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினார். "அப்பனை ஜெயிக்க வைக்க எனக்குக் குழி தோண்டியிருக்கா உன் மருமக!"

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க. அவகிட்டயே கேளுங்க."

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார். நேராக அல்ல, சுற்றி வளைத்து. "ஏம்மா, மூணாவது குழியில இடது பக்கம் மணல் எதுக்கு?"

"அந்தப் பக்கம் சரிவு மாமா" என்றாள் மருமகள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. "உங்க பந்து உருண்டு உருண்டு வாய்க்காலுக்குள்ள போயிடுது. நீங்களும் பின்னாடியே இறங்கறீங்க. மணல் இருந்தா பந்து அங்கேயே நின்னுடும். அது உங்களைக் காப்பாத்தத்தான்."

காப்பாற்றவாம்! மீனுக்கு வலை விரித்துவிட்டு அதை ஊஞ்சல் என்கிறாளே என்று சர்வேயர் மனதுக்குள் பல்லைக் கடித்தார். வெளியே, "ஓகோ, அப்படியா" என்றார். கள்ளம் இல்லாதவள் இவ்வளவு சட்டென்று பதில் சொல்வாளா? யோசித்துச் சொல்லியிருந்தால் அது வேறு விதமான சந்தேகம்.

மறுநாள் காலை இரண்டு நாடாவையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே போனார். ஒரு தொழிலாளி மூன்றாம் குழிப் பக்கம் மர முளைகளை அடித்துக்கொண்டிருந்தார். சர்வேயர் பொழுதுபோக வந்தவர்போல ஆகாயத்தைப் பார்த்தபடி கேட்டார்: "இந்த இடத்த எப்படிய்யா புடிச்சீங்க? இவ்வளவு கரெக்டா?"

"மேடம்தான் காட்டினாங்க" என்றார் தொழிலாளி. "'இங்கதான் பெரியவர் பந்து விழும், ஒரு அடி தள்ளிடாதீங்க'ன்னு நாலு தடவ சொல்லிட்டுப் போனாங்க."

ஒரு அடி! சர்வேயரின் ரத்தம் கொதித்த கொதியில் பக்கத்துப் புல் கருகியிருக்க வேண்டும். அன்றே ஆட்சேபணை எழுதினார். நாலு பக்கம், இரண்டு வரைபடம், இடப்பக்கப் பங்கர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

ஆனால் கொடுக்கக் கை வரவில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை மருமகள் கண்ணாடி முன்னால் நின்று, "திங்கட்கிழமை வேலை ஆரம்பம்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். சர்வேயர் சட்டைப் பையைத் தொட்டார். காகிதம் உள்ளே முள்ளாகக் குத்தியது. அவளுடைய முதல் வேலை. இவருடைய ஒரு ஞாயிறு. தராசு இப்படியும் அப்படியும் ஆடியது. மதியம் மூன்று மணிக்கு அந்த ஒரு ஞாயிறு கனத்துவிட்டது. கிளம்பினார்.

நகராட்சியில் மூன்றாம் ஜன்னல். வரிசையில் ஒரே ஒருவர் நின்றிருந்தார். அந்த முதுகை சர்வேயர் நாலு வருடம் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார், சபித்திருக்கிறார்.

"அட, சம்பந்தி!" என்றார் பல் டாக்டர், திரும்பிய வேகத்தில் ஒரு காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. "எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா. தண்ணி வரி விஷயமா" என்றார் சர்வேயர், பையைக் கையால் மூடிக்கொண்டு. "நீங்க?"

"நானும் சும்மாதான்."

ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா அம்மாளுக்குத் தொண்டையில் ஒலிபெருக்கியோடு பிறந்த குரல். "தண்ணி வரி அஞ்சாம் ஜன்னல்! இங்க கோல்ஃப் மைதான ஆட்சேபணை மட்டும்தான். பெரியவரே, அரை மணியா பேப்பரக் காட்டறீங்க, மறைக்கறீங்க. குடுக்கறீங்களா இல்லையா?"

இனி மறைத்து என்ன? இருவரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரி நாட்டுக் கைதிகளைப் பரிமாறிக்கொள்வதுபோல ஒரே நொடியில் காகிதங்களை மாற்றிக்கொண்டார்கள்.

டாக்டரின் படத்திலும் சிவப்பு வட்டங்கள், ஆனால் எல்லாம் வலப்பக்கம். நாலாம் குழியில் ஒரு பங்கர், ஆறாம் குழியில் ஒரு பங்கர், இரண்டும் டாக்டரின் பந்து போய் விழும் தூரத்தில். 'பெற்ற மகளே மாமனார் வீட்டுக்கு விசுவாசம் காட்டி' என்று தொடங்கியது மனு. சர்வேயர் வாயைப் பிளந்தார். அந்த வலப்பக்கப் பங்கர்கள் இத்தனை நாளும் அவர் கண்ணில் படவே இல்லை.

"எம் மேல பழி போடறீங்களே, எம் பந்து விழற இடத்துலயும் தோண்டியிருக்காளே!" என்றார் டாக்டர், சர்வேயரின் மனுவைப் படித்தபடி.

"நானும் அதேதான் கேக்கறேன்!"

இந்த இடத்தில் நல்ல புத்தி உள்ள மனிதர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சர்வேயரின் மூளையோ வேறு கணக்குப் போட்டது. இவர் ஆட்சேபிக்கிறார் என்றால் மைதானம் இவருக்குப் பாதகம். இவருக்குப் பாதகம் என்றால் நமக்குச் சாதகம். அப்படியானால் இந்த மைதானம் வந்தே ஆக வேண்டும்! ஓரக்கண்ணால் பார்த்தார். டாக்டரின் நெற்றியிலும் அதே கணக்கு ஓடி, அதே விடையில் வந்து நின்றது.

"சரி, எதுக்கு வம்பு? நான் குடுக்கல" என்றார் டாக்டர் தேன் ஒழுக. "நீங்களும் குடுக்காதீங்க. கிளம்பலாமா?"

"நீங்க முதல்ல கிளம்புங்க."

"நீங்க போங்க சம்பந்தி, பின்னாடியே வரேன்."

சர்வேயர் அசையவில்லை. "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் பல் பிடுங்கிய மனிதர். அவர் வாயை நம்பி எழுந்து போவதா? நாம் தலையைத் திருப்பினால் ஜன்னலுக்குப் பாய்ந்துவிட மாட்டாரா?

மணி மூன்றே கால். டாக்டர் மெல்ல, "நேத்து பொண்ணு போன் பண்ணா. 'திங்கட்கிழமை ஆரம்பம்ப்பா'ன்னா. சின்ன வயசுல முதல் பரிசு வாங்கிட்டு ஓடி வருவா, அந்தக் குரல்" என்றார்.

சர்வேயருக்கு நெஞ்சு இளகியது. காலையில் அவளைக் கண்ணாடி முன்னால் பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தார். உடனே சுதாரித்துக்கொண்டார். நம்மை இளக்கி வெளியே அனுப்பப் பார்க்கிறாரோ? இருந்தாலும் அந்த நொடியில் தன் மனுவை மட்டும் இன்னொரு மடிப்பு மடித்தார்.

மூன்றரைக்கு டாக்டருக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. சர்வேயரும் கூடவே போனார். திரும்பும்போதும் தோளோடு தோள் உரசியபடி வந்தார்கள்.

"புதுசாக் கல்யாணம் ஆனவங்ககூட இப்படி ஒட்டிக்கிட்டுத் திரியமாட்டாங்க" என்றாள் குமாஸ்தா அம்மாள்.

மூன்றே முக்காலுக்கு டாக்டர் தும்மினார். தும்மலைச் சாக்கிட்டு எழுந்திருப்பாரோ என்று சர்வேயர் அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். அன்பு என்று நினைத்து ஒரு பெண்மணி புன்னகைத்துவிட்டுப் போனாள். அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடம் ஓடிய ஓட்டத்தில் ஒரு ஆமை உலகத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்திருக்கும்.

நாலு அடிக்கச் சரியாக ஒரு நிமிடம் இருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். மருமகள். மூச்சிரைக்க நேராக ஜன்னலுக்குப் போனாள். "மேடம், ஆட்சேபணை எதாவது வந்துச்சா?"

குமாஸ்தா அம்மாள் பெஞ்சைப் பார்த்தாள். சர்வேயர் தன் காகிதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார். டாக்டர் தன்னுடையதைச் சட்டைக்குள் வயிற்றோடு திணித்தார். சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

"ஒண்ணுமே வரலம்மா" என்றாள் அவள், ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தியபடி. "போய் வேலைய ஆரம்பி."

மருமகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. சர்வேயருக்கு ஒரு வாரமாக அழுத்திக்கொண்டிருந்த பாறாங்கல் உருண்டு எங்கேயோ போனதுபோல இருந்தது. பக்கத்தில் டாக்டர் மூக்கை உறிஞ்சினார்.

அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பினாள். கண்கள் விரிந்தன, பிறகு சுருங்கின.

"அப்பா? மாமா? ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"வெயிலுக்கு ஒதுங்கினோம்மா" என்றார் சர்வேயர்.

"நல்ல ஃபேன்" என்றார் டாக்டர்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் சட்டைக்குள் மொடமொடத்ததைப் பார்த்தாள். மாமனார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஏதோ செஞ்சிருக்கீங்க."

"சேர்ந்தா? நாங்களா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

நாலு வருடத்தில் அவர்கள் ஒரே மாதிரிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.